முறிந்த போல்ட்: வீட்டு வாசலில் எஞ்சின் வேலை பார்ப்பவர்களுக்கு

எஞ்சினில் ஒரு போல்ட் முறிந்தால் பெரும்பாலும் அதை எடுத்துவிடலாம். எடுக்கவே முடியாமல் போவது, முறிந்த ஆத்திரத்தில் கையில் கிடைத்ததை வைத்துத் துளைத்து, தட்டி, திருகிய பிறகுதான். அந்த அரை மணி நேரம்தான் ஒரு சின்ன போல்ட்டை சிலிண்டர் ஹெட் மாற்றுகிற செலவாக ஆக்குகிறது.

திருமழிசை, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் தன் வண்டியைத் தானே பிரித்துப் பார்க்கிற ஆட்கள் நிறைய. லேத்தும் மில்லிங்கும் ஓட்டிப் பழகிய கைகள் இங்கே தெருவுக்கு நாலு உண்டு. பாடியில் 1960களிலிருந்தே சுந்தரம் ஃபாஸனர்ஸ் போல்ட் செய்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை வயதும் ஏறக்குறைய அதேதான். திருமழிசையிலேயே சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. போல்ட் செய்யவும் முறிந்த போல்ட்டை எடுக்கவும் தெரிந்த ஊர்கள் இவை. ஆகவே முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உதவி பக்கத்திலேயே இருக்கிறது. முறிந்ததைக் கெடுக்காமல் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

பழைய மெக்கானிக்குகள் சொல்லிக்கொடுத்த சில வைத்தியங்களை இன்றைய வண்டியில் அப்படியே செய்யக்கூடாது. அம்பாசிடரில் ஓடிய பழைய பி சீரிஸ் எஞ்சினுக்கு பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. கேஸ் வைத்து போல்ட்டைச் சிவக்கக் காய்ச்சித் திருகினாலும் அது தாங்கும். 2014இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டது. இன்று வாசலில் நிற்கிற வண்டிகளில் ஹெட் அலுமினியம்; பலவற்றில் பிளாக்கும் அதுவே. அலுமினியம் 660 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். உருகும்வரை நிறம் மாறாது, சிவந்து எச்சரிக்காது. கீழே சொல்வதெல்லாம் அலுமினியத்தை மனதில் வைத்துச் சொல்வது.

கழற்றுவதற்கு முன்

செய்ய வேண்டியவை

சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். சிட்கோவில் பெரும்பாலான பட்டறைகளுக்கு ஞாயிறு விடுமுறை. மதியம் ஒரு போல்ட் முறிந்து, திங்கள் காலை அதே வண்டியில் வேலைக்குப் போகவேண்டும் என்றால் அவசரம் வந்துவிடும். முறிந்த போல்ட்டுக்கு அவசரத்தைவிடப் பெரிய எதிரி இல்லை.

முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வையுங்கள். டபிள்யூடி-40 பரவாயில்லை. துருவுக்கென்றே விற்கிற எண்ணெய் இன்னும் நல்லது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயான ஏடிஎஃப்பையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து விடுகிற பழக்கமும் உண்டு. அது மரைக்குள் நன்றாக இறங்கும். ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும். அதை ஊற்றிய இடத்தில் சூடு காட்டவே கூடாது. எது ஊற்றினாலும் ஐந்து நிமிடத்தில் ஸ்பேனர் போடாதீர்கள். ஊற்றி, போல்ட் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு தட்டி, சில மணி நேரம் கழித்து மறுபடி ஊற்றுங்கள். தட்டும்போது துருவில் விரிசல் விழும். எண்ணெய் அந்த வழியாகத்தான் இறங்கும்.

முதலில் கொஞ்சம் இறுக்குங்கள், பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வந்ததும் மறுபடி உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே. கீச்சென்று சத்தம் வந்தால் நல்லது, அசைகிறது என்று பொருள். சத்தமே இல்லாமல் களிமண் போல வழுவிக்கொண்டே சுற்றினால் நிறுத்துங்கள். கழல்வது போல் தெரிந்தாலும் போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு அட்டையில் எஞ்சின் படத்தைக் கோடாக வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். வாட்டர் பம்ப், டைமிங் கவர் போல்ட்டுகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நீளத்தில் வேறுபடும். நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் போட்டால் அடியில் முட்டி நிற்கும். இன்னும் இறுகவில்லையே என்று அழுத்துகிற அந்தக் கணத்தில்தான் அது முறிகிறது.

டீசல் வண்டியில் க்ளோ பிளக் கழற்றுவதானால் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிய பிறகு கழற்றுங்கள். பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகு கழற்றுங்கள். இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் நியாயம் வேறு. க்ளோ பிளக் ஒல்லியானது. கரி பிடித்து இறுகி, திருகும்போது தானே முறிந்துவிடும். ஸ்பார்க் பிளக் தடிமனானது. அங்கே கெட்டுப்போவது அலுமினிய மரைதான். சூட்டில் அந்த மரை எளிதில் உரிந்துவரும்.

வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று யோசித்துப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையிலும் புறநகரிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் கிடந்தன. பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. எஞ்சினுக்கு அடியில், சைலன்சர் இணைப்பில் போல்ட் தலைகள் செதில் செதிலாக உதிர்ந்தால் ஒரு நாள் எண்ணெய் போதாது. மூன்று நாள் விடுங்கள்.

செய்யக்கூடாதவை

பத்து நம்பர் ஸ்பேனர் போடுகிற போல்ட்டுக்குக் குழாய் சொருகி நெம்பாதீர்கள். அந்தப் போல்ட்டின் மரை 6 மில்லிமீட்டர். இறுக்க வேண்டிய அளவு சுமார் 10 நியூட்டன் மீட்டர். 15, 20 தாண்டினால் முறிந்துவிடும். இரண்டடிக் குழாயின் நுனியில் மூன்று நான்கு கிலோ அழுத்தம் வந்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். கைக்கு அது பலமாகவே தெரியாது. அதனால்தான் சின்ன போல்ட்டுகள் பெரிய போல்ட்டுகளைவிட அதிகம் முறிகின்றன.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்து நெம்பாதீர்கள். போல்ட் முறிகிற உதறலில் வண்டி நகரும். ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு அந்த வேலை வேண்டாம்.

முறிந்த பிறகு

செய்ய வேண்டியவை

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கழற்றும்போது முறிந்ததா இறுக்கும்போது முறிந்ததா என்று பாருங்கள். இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வதில்லை. அடுத்து செய்யவேண்டிய எல்லாமே இதில் அடங்கியிருக்கிறது. இறுக்கும்போது முறிந்திருந்தால், தலை போனதும் போல்ட்டின் இழுவிசையும் போய்விட்டது. மிச்சத் துண்டு மரையில் சும்மா உட்கார்ந்திருக்கும். கூரான பஞ்ச்சை ஓரத்தில் சாய்த்து வைத்து, கழல்கிற திசையில் மெல்லத் தட்டினாலே பல நேரம் சுற்றிவந்துவிடும். அடியில் முட்டி நின்றிருந்தால் கொஞ்சம் கூடத் தட்டவேண்டியிருக்கும். கழற்றும்போது முறிந்திருந்தால் துரு இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. போல்ட்டையே முறித்த பிடி அது. போல்ட்டைவிட ஒல்லியான எந்தக் கருவியாலும் அந்தப் பிடியை வெல்ல முடியாது.

மற்ற போல்ட்டுகளைக் கழற்றி, மேலே இருக்கிற பாகத்தை முதலில் எடுங்கள். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கோ வாட்டர் பம்ப்போ, தலை மட்டும் துண்டான போல்ட்டாக இருந்தால், பாகத்தை உருவியதும் அதன் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் போல வரப்பிரசாதம் இல்லை. மறுபடி எண்ணெய் விடுங்கள். சுற்றியிருக்கும் அலுமினியத்தை ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். எண்ணெயின் ஈரத்தை முதலில் நன்றாகத் துடைத்துவிட வேண்டும்; அசிட்டோன் கலவை ஊற்றிய இடமானால் சூடே வேண்டாம். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். க்ரிப் பிளையரை அடிவரை இறக்கி, கடிக்கப் பிடித்து, முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள். பிளையர் வழுக்கினால் தண்டின் இரண்டு பக்கமும் அரத்தால் தட்டையாக ராவி ஸ்பேனர் போடலாம். மரை தெரிகிறது என்றால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள் நட்டைத் திருப்பலாம்.

தண்டு மட்டமாக முறிந்திருந்தால், நட் வைத்து வெல்டிங் அடிப்பதுதான் எனக்குத் தெரிந்தவரை முதல்தர வழி. முறிந்த முகத்தின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளைக்குள் சி.ஓ.2 வெல்டிங்கால் நிரப்புவார்கள். எஃகு எஃகோடு பிடிக்கும், அலுமினியத்தோடு பிடிக்காது. வெல்டிங் சூடு நேராகப் போல்ட்டின் நடுவில் இறங்கித் துருவை உடைக்கும். லேசாக ஆறவிட்டு ஸ்பேனர் போட்டால் வந்துவிடும். முதல் நட் பிய்ந்து வந்தால் இன்னொன்று அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறுகிற சூடு நமக்கு லாபம்தான்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரும் ஈசிஎம்மும் அந்த மின்னோட்டத்தைத் தாங்காது.

செய்யக்கூடாதவை

பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் உடனே வெல்டிங் அடிக்க விடாதீர்கள். குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுப்புகை கிளம்பும். நுரையீரலையே கெடுக்கிற புகை அது. பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டு நெருப்புக் காட்டுவதும் அதே அளவு ஆபத்து. வீட்டு அடுப்புச் சிலிண்டரில் ட்யூப் மாட்டித் தீ காட்டுகிற வேலையும் கூடவே கூடாது.

பேட்டரி ஆசிட் ஊற்றிக் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போல்ட்டோடு அலுமினியமும் அரிக்கப்படும்.

துளையிடுவதானால்

மேலே சொன்னது எதுவும் நடக்காமல், வெல்டிங் துப்பாக்கி நுழையாத மூலையில் முறிந்திருந்தால் மட்டுமே ட்ரில். இந்த இடத்தில்தான் ஹெட்டுகள் பாழாகின்றன. போல்ட் எஃகு, சுற்றியிருப்பது அலுமினியம். பிட் எப்போதும் மெத்தென்று இருக்கிற பக்கம்தான் ஓடும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஒரு பக்க மரை போய்விடும்.

செய்ய வேண்டியவை: முறிந்த முகத்தை முதலில் தட்டையாக ராவுங்கள். நடுவைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெர்னியர் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் அளந்து, சென்டர் பஞ்ச் அடியுங்கள். இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. பக்கத்து லேத் பட்டறையில், போல்ட் துளைக்குள் சரியாக உட்காரும்படி, நடுவில் 3 மில்லிமீட்டர் துளையோடு ஒரு சின்ன புஷ் கடைந்து தரச் சொல்லுங்கள். போல்ட் உள்ளே ஆழத்தில் முறிந்திருந்தால் அந்தப் புஷ் பிட்டை விலகவிடாது. மேல் பாகத்தின் துளையையே வழிகாட்டியாக வைத்தும் செய்யலாம்.

இடக்கை பிட் கிடைத்தால் வாங்குங்கள். அது கழல்கிற திசையிலேயே சுற்றித் துளைப்பதால், பல போல்ட்டுகள் துளை முடியுமுன் பிட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். ட்ரில்லை மெதுவாக ஓட்டுங்கள், எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆழம் தெரிய பிட்டில் ஒட்டும் டேப் சுற்றுங்கள். எஞ்சினில் துளைக்குப் பின்னால் தண்ணீர் ஜாக்கெட்டோ ஆயில் வழியோ இருக்கலாம். 3 மில்லிமீட்டரில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். பன்னிரண்டு நம்பர் ஸ்பேனர் போல்ட்டுக்கு மரை 8, பிட்ச் 1.25. அதில் 6.5 வரை நடுவாகத் துளைத்துவிட்டால் மிச்சம் மெல்லிய தோல்தான். கூரான ஊசியால் உள்பக்கம் மடக்கி உரித்தெடுக்கலாம். 6.8க்கு மேல் போனால் மரையைத் தின்ன ஆரம்பிக்கிறீர்கள்.

செய்யக்கூடாதவை: இறுகிப்போன போல்ட்டில் ஈஸி அவுட்டை (துளைக்குள் திருகி முறிந்த போல்ட்டை எடுக்கிற கருவி) ஸ்பேனர் போட்டு நெம்பாதீர்கள். நான் இதை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். கூம்பு வடிவ ஈஸி அவுட், துளைக்குள் இறங்க இறங்க போல்ட்டை வெளிப்பக்கம் அகட்டும். ஏற்கெனவே பிடித்திருக்கிற மரை இன்னும் பிடிக்கும். ஈஸி அவுட்டோ கடினமாக்கிய எஃகு. வளையாது, முன்னறிவிப்பு தராது, பட்டென்று உடையும். உடைந்த துண்டை ஹெச்எஸ்எஸ் பிட் கீறக்கூட முடியாது. சூடாக்கி எண்ணெய் விட்ட பிறகு, மரை வெட்டுகிற டேப்பைப் பிடிக்கிற டி கைப்பிடியில் இரண்டு விரலால் திருப்பிப் பாருங்கள். வந்தால் வரட்டும். மணிக்கட்டின் பலம் தேவைப்படுகிறது என்றால் எடுத்துவிடுங்கள்.

ஈஸி அவுட் உள்ளே உடைந்துபோயிருந்தால் அதற்கு மேல் வீட்டில் எதுவும் செய்யவேண்டாம். ஹெட்டைக் கழற்றி ஸ்பார்க் எரோஷன் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அம்பத்தூர் பக்கம் டை, மோல்டு செய்கிற டூல் ரூம்களில் இந்த மெஷின் இருக்கும். மின்பொறியால் எஃகைத் துளித்துளியாக அரித்தெடுக்கிற முறை இது. 1940களில் சோவியத் நாட்டில் லசரென்கோ தம்பதி, பொறி பட்டு மின்தொடர்புகள் தேய்வதை ஆராயும்போது, அந்தத் தேய்மானத்தையே வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டார்கள். எவ்வளவு கடினமான எஃகும் பொறிக்கு ஒன்றுதான். அதனால் உடைந்த டேப், உடைந்த ஈஸி அவுட் எல்லாவற்றுக்கும் கடைசி வழி அதுவே.

பட்டறைக்குப் போகும்போது

நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "அண்ணே, ஹெட் அலுமினியம். போல்ட் பன்னெண்டு நம்பர், மரை எட்டு, பிட்ச் ஒண்ணே கால். கழட்டும்போது முறிஞ்சது. ஈஸி அவுட் இன்னும் போடலை." இவ்வளவு சொன்னாலே அவர் எந்தக் கருவியை எடுக்கவேண்டும் என்று தெரிந்துகொள்வார். ஈஸி அவுட் உள்ளே உடைந்திருப்பதை மறைத்துக் கொடுத்தால் அவருடைய பிட்டும் போய், உங்கள் ஹெட்டும் போகும். முறிந்த போல்ட்டின் மேல் துண்டையும், முழுசாக இருக்கிற அதே அளவுப் போல்ட் ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மரை போய்விட்டது என்றால் ஹெலிகாயில் போடச் சொல்லுங்கள். 8 மில்லிமீட்டர் மரைக்குச் சுமார் 8.3இல் துளைத்து, அதற்கென்று இருக்கிற டேப் அடித்து, எஃகுச் சுருளை உள்ளே இறக்குவார்கள். ஒழுங்காகப் போட்ட ஹெலிகாயில், பழைய அலுமினிய மரையைவிடப் பலமாகவே நிற்கும். இரும்புப் பசை வைத்து ஒட்டி அனுப்புகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய ஹெட் வாங்குவது இதற்கெல்லாம் பிறகு வரவேண்டிய யோசனை.

திரும்ப மாட்டும்போது

செய்ய வேண்டியவை: துளைக்குள் இருக்கிற பொடி, எண்ணெய், தண்ணீர் எல்லாவற்றையும் காற்று அடித்து வெளியே எடுங்கள். அடி மூடிய துளையில் எண்ணெய் நின்றால், போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் வார்ப்பையே விரிசல் விடச் செய்யும். போல்ட்டை முதலில் கையால் ஏற்றுங்கள். நாலு சுற்று விரலாலேயே போகவில்லை என்றால் மரை மாறி ஏறுகிறது, வெளியே எடுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாதவர் ஒரு நாளுக்குக் கடன் வாங்கியாவது பயன்படுத்த வேண்டும். புத்தகத்தில் சொன்ன அளவு உலர்ந்த மரைக்கா எண்ணெய் போட்ட மரைக்கா என்று பாருங்கள். எண்ணெயோ ஆன்டி சீஸோ தடவினால் உராய்வு குறையும். அதே அளவு இறுக்கத்தில் போல்ட் கூடுதலாக இழுபடும்.

செய்யக்கூடாதவை: தலையில் 10.9 என்று போட்டிருந்த போல்ட்டுக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற குறியில்லாத போல்ட்டைப் போடாதீர்கள். 10.9இல் முதல் எண் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் தாங்கும் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது எண் அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்பதை. பளபளப்பாக இருக்கிறது என்று எஸ்எஸ் போல்ட்டும் வேண்டாம். சாதாரணமாகக் கிடைக்கிற எஸ்எஸ் வகை 700தான் தாங்கும், அலுமினியத்தோடு சேர்ந்து ஈரத்தில் அரிக்கவும் செய்யும். ஹெட் போல்ட்டை இத்தனை டிகிரி திருப்பு என்று புத்தகம் சொன்னால், அது பெரும்பாலும் ஒரு தடவைக்கான போல்ட். பழையதைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள். பிரேக், ஸ்டீயரிங் போல்ட்டுகளில் இந்த வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

கடைசியாக ரேடியேட்டர். நம் பக்கம் தெர்மோஸ்டாட் ஹவுசிங் போல்ட்டும் வாட்டர் பம்ப் போல்ட்டும் முறிவதற்குப் பெரிய காரணம், ரேடியேட்டரில் ஊற்றுகிற போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் கலந்த அந்தத் தண்ணீர் கசிந்து மரைக்குள் இறங்கினால், எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று அரித்து வெள்ளைப் பொடியாகி, பூட்டுப் போட்டதுபோல் இறுகிவிடும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன கூலன்ட்டை, சொன்ன இடைவெளியில் மாற்றுங்கள். கலப்பதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் போதும். போர் தண்ணீரை ஊற்றாதீர்கள்.